வண்டிக்காரனுக்குப் பாலாடையில் புகட்டிய கஞ்சி

வாந்திபேதி கேஸ் என்று ஒருவரைத் தூக்கி வந்ததும் உங்கள் கை முதலில் எதைத் தேடுகிறது? சலைன் பாட்டிலைத்தானே? குறை சொல்லவில்லை. தேடினால் கிடைக்கிற காலத்தில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், நன்றாக இருங்கள். ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கடி வந்து அந்த சலைன் அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கிழவி யார் என்று உங்களில் ஒருத்தி கேட்டாளாம். நான்தான் அம்மா. கண் போட வரவில்லை. இத்தனை பாட்டில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் வயிறு குளிர்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக வந்த நர்ஸ் பெண்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேட்ரன் கேட்டபோது மாட்டேன் என்றேன். அனுபவம் எழுத உட்காருகிறவர்கள் நாலாவது வரியில் தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது வராது. எனக்குச் சுலபமாக வருவது கோபம். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் சிலருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அப்போது சொல்லத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்களில் மூன்று பேர் எனக்கு ஒரே நாளில், ஒரே வீட்டில் கிடைத்தார்கள். அந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். ஊசி எப்படிப் போடுவது, மருந்து எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே இருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. பூந்தமல்லியில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் வேலை பார்த்தோம்: ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். டாக்டர் என்னைவிட இளையவர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி வாக்கியம்தான் வரும். மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வேலைக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குடிசை போட்டிருந்தார்கள். கோடையில் குளம் குட்டை எல்லாம் அடிமண் தெரிய வற்றி, மிச்சமிருந்த கலங்கலையே எல்லாரும் குடிக்க, வாந்திபேதி கிளம்பிவிட்டது.

சலைன் ஏற்ற எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செட். ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு ரப்பர் குழாய், ஊசி. கம்பவுண்டர் தண்ணீரை வடித்துக் காய்ச்சி உப்புக் கலந்து தயாராக வைத்திருப்பார். குழாய் மட்டும் வெடித்துவிட்டால் அவ்வளவுதான். ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கு எங்கே கிடைக்கும்? அந்தக் குழாயைக் கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தோம்.

ஒரு நாள் காலையில் வேலப்பன்சாவடியிலிருந்து ஏழுமலை என்பவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். நிலமும் மாடும் பார வண்டியும் உள்ள குடும்பம். அண்ணன் ஏழுமலை நிலத்தைப் பார்த்துக்கொள்வார். தம்பி முனுசாமி பட்டணத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவான். அந்தத் தம்பிக்குத்தான் விடியலிலிருந்து வாந்தியும் பேதியும். டாக்டரும் நானும் செட்டை எடுத்துக்கொண்டு காதர் பாயின் ஜட்காவில் ஏறினோம். அந்தக் காலத்தில் அவசரத்துக்கு எங்களுக்கு இருந்த ஆம்புலன்ஸ் அதுதான். அதை இழுத்த குதிரைக்கு என்னைவிட முன்கோபம் அதிகம்.

தெருவில் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வாசலுக்கு வாசல் வேப்பிலை. அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "அது வந்துகீது" என்று மட்டும் சொல்வார்கள், பெயரைச் சொன்னால் நம் வீட்டுக்கும் வழி கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்பதுபோல.

முனுசாமி பெரிய உடம்புக்காரன். பெரிய மீசை. குடைசாய்ந்த வண்டியைத் தனி ஆளாக நிமிர்த்துவானாம். அப்படிப்பட்டவன் பாயில் கிழிந்த கோணி மாதிரிக் கிடந்தான். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்தவள் கையைப்போலச் சுருங்கியிருந்தன. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. குரல் போய்விட்டது. எங்களைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தான்.

"தண்ணி."

வீட்டில் ஒருவரும் அசையவில்லை.

"தண்ணி குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு சொட்டு குடுக்கலீங்கய்யா," என்றார் ஏழுமலை. "காலீலேர்ந்து கெஞ்சறான். மனசக் கல்லாக்கிகினு குடுக்காம கீறோம்."

நீங்கள் சிரிக்கக் கூடாது. பேதி போகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் பேதியாகத்தான் போகும், தண்ணீரை நிறுத்தினால் பேதி தானாக நின்றுவிடும் என்று அன்றைக்கு எல்லா ஊரிலும் நம்பினார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஓட்டைப் பானையில் ஊற்றாமல் இருந்தால் ஒழுகாதுதான். ஆனால் இந்தப் பானை காலியானால் மனிதன் போய்விடுவான். அதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? தம்பி தாகத்தில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் கொடுக்காமல் நிற்பதற்கு எத்தனை அன்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அறியாமை என்று திட்டுவதற்கு முன்னால் அதை யோசிக்க வேண்டும். எனக்கு அது புரியவே அந்த நாள் முழுக்கத் தேவைப்பட்டது.

டாக்டர் பெட்டியைத் திறந்து குழாயை வெளியே எடுத்தார். அப்போதுதான் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஆவடிக் குடிசைகளிலிருந்து மேஸ்திரி அனுப்பிய ஆள். எங்களை டிஸ்பென்சரியில் தேடிவிட்டு இங்கே வந்திருக்கிறான். குடிசைக்குக் குடிசை விழுந்து கிடக்கிறார்கள், சிலருக்குப் பேச்சு மூச்சில்லை, ஒரு பெண்ணுக்குக் கையில் நாடியே கிடைக்கவில்லை என்றான்.

டாக்டர் முனுசாமியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு குழாயைத் திரும்பத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"சிஸ்டர், இவருக்கு நாடி இருக்கு. கூப்பிட்டா பாக்கறார். விழுங்கறார்."

"ஆமாம் சார்."

"அங்க இருக்கறவங்களால..."

மீதியை நான் போட்டுக்கொண்டேன். விழுங்க முடியாது.

பெட்டி மூடுவதைப் பார்த்ததும் ஏழுமலை டாக்டரின் காலைக் கட்டிக்கொண்டார். "அய்யா, ஊசிய எடுத்துகினு போவாதீங்கய்யா! எங்கிருந்தோ வந்த கூலிக்காரங்களுக்கா? எந் தம்பி கண்ணு முன்னால சாவறான்யா!"

டாக்டர் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "உங்க தம்பிக்கு உள்ள போறதுக்கு வாய் இருக்குங்க. அவங்களுக்கு அந்த வழியும் அடைஞ்சு போச்சு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கஞ்சித் தண்ணி. கண்ணீர் கரிக்கிற அளவு உப்பு, அதுக்கு மேல கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி எடுத்தாலும்..."

"நிறுத்தக் கூடாது."

"கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி. நீங்கதான் இவருக்கு சலைன்."

ஜட்கா கிளம்பிப் போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கையில் ஒன்றுமில்லாமல் அழுகிற ஒரு குடும்பத்தின் நடுவில் என்னைத் தள்ளிவிட்டுப் போகிறாரே என்று மனதுக்குள் நன்றாகவே திட்டினேன். இன்றைக்கு நினைத்தால் கண் கலங்குகிறது. ஜாக்கிரதை என்று சொல்லவில்லை, முடியுமா என்று கேட்கவில்லை, ஒரு உயிரை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த உயிரைப் பார்க்கப் போனார். என்னை அப்படி நம்பியவர் அதற்கு முன்னால் யாரும் இல்லை. நான் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

உங்களுக்கும் அந்த நாள் வரும். ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கும், இரண்டு பேர் மூச்சுக்குத் தவிப்பார்கள். ஒருவருக்காகக் காலில் விழ ஆள் இருக்கும். இன்னொருவருக்கு ஆளே இருக்காது. காலில் விழுகிறவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த உயிருக்கு வேறு வழியே இல்லையோ அந்தப் பக்கம் போங்கள். மற்றவரை ஒரு நல்ல ஆளிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

நான் அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வடிக்கச் சொன்னேன். கஞ்சித் தண்ணீரோடு நான் திரும்பியதும் ஏழுமலை வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"நர்ஸம்மா, ஊசிதான் போச்சு. தண்ணி கிண்ணி குடுத்து எந் தம்பிய நீ சாவடிச்சிராத."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது. கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு துளியை அவர் உள்ளங்கையில் விட்டேன்.

"அழறீங்களே, அது வாயில பட்டுதா? அந்த உப்பும் இந்த உப்பும் ஒண்ணா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க. உங்க தம்பி உடம்புலேர்ந்து காலையிலேர்ந்து இதுதான் போயிட்டிருக்கு. போனதைத்தான் திருப்பிக் குடுக்கறேன்."

அவர் நக்கிப் பார்த்தார். உதட்டில் வழிந்ததையும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணாத்தான் கீது," என்று முணுமுணுத்துவிட்டு வழியை விட்டார்.

முனுசாமியின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த நிலையிலும் முகத்தை அண்ணாத்தி வாயைத் திறந்தான்! பாத்திரத்தில் உதடு பட்டால் எச்சில் ஆகிவிடுமாம். உயிர் தொண்டையில் நிற்கும்போதும் நம் ஜனங்கள் தூக்கித்தான் குடிப்பார்கள். "வாய வச்சுக் குடிய்யா, உன் எச்சிலை நான் கழுவிக்கறேன்," என்று அதட்டினேன். குடித்தான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான்.

"பாத்தியா! பாத்தியா!" என்று ஏழுமலை டம்ளரைப் பிடுங்கி மாடத்தில் வைத்துவிட்டார்.

குடித்தது அத்தனையும் வெளியே வந்துவிடவில்லை, கொஞ்சமாவது உள்ளே தங்கியிருக்கும் என்று சொல்லி, சண்டை போட்டு, டம்ளரைத் திரும்ப வாங்கினேன். மறுபடி குடிக்க வைத்தேன். மறுபடி வாந்தி. உச்சி வெயில் ஏறும்வரை அவரும் நானும் அந்த டம்ளரை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஆனாலும் நாடி குறையவில்லை. நான் கொஞ்சம் தைரியமானேன்.

அழுக்குத் துணிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க ஆள் வேண்டியிருந்தது. பயந்துகொண்டு ஒருவரும் வரவில்லை. நானே கொல்லைப்பக்கம் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமலும் இல்லை, கத்தலும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மூச்சு விடப் பார்க்கிற சத்தம்.

ஓடினேன். முனுசாமி மல்லாந்து கிடந்தான். முகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஏழுமலை கையில் பெரிய பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். தம்பி, "அண்ணா, தண்ணி" என்று கூப்பிட்டிருக்கிறான். அத்தனை நேரம் கல்லாக்கி வைத்திருந்த மனது அந்த ஒரு வார்த்தையில் உடைந்துவிட்டது. பட்டணத்துக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த தம்பிக்கு ஊற்றுவாரே, அந்த மாதிரி உயரத் தூக்கிச் செம்போடு ஊற்றிவிட்டார். படுத்துக் கிடப்பவன் வாயில்! அது நேரே மூச்சுக்குழலுக்குப் போய்விட்டது.

நான் அவனை ஒருக்களித்துப் புரட்டித் தலையைத் தாழ்த்தினேன். வாயில் விரலை விட்டுத் துழாவி, நடு முதுகில் கை வலிக்க ஓங்கி ஓங்கித் தட்டினேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் ஒரு பெரிய இருமல் வந்தது. தண்ணீர் வெளியே தெறித்தது. மூச்சு வந்தது. கறுப்பு விலகி, பழையபடி வெளிறிய முகம் திரும்பியது.

இங்கே கொஞ்சம் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். மயங்கினவனை மல்லாத்தி வைத்து வாயில் சோடா ஊற்றுகிறவர்களை இன்றைக்கும் பூந்தமல்லி ரோட்டில் பார்க்கிறேன். விபத்தா, சோடா. வலிப்பா, சோடா. மாரடைப்பா, அதற்கும் சோடா. நினைவில்லாதவன் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதை நீங்கள் ஆஸ்பத்திரிக்குள் வைத்துக்கொண்டு என்ன பயன்? பஸ்ஸில் வரும்போது சொல்லுங்கள், கல்யாண வீட்டில் சொல்லுங்கள்.

தம்பிக்கு மூச்சு திரும்பியதும் ஏழுமலைக்கு நினைவு திரும்பியது. செம்பை முற்றத்தில் வீசி எறிந்தார். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. "இனிமே இந்த ஊட்ல ஒரு சொட்டு தண்ணி அவனுக்குக் குடுக்கக் கூடாது! தண்ணிதான் அவனக் கொல்லுது. நீ கெளம்பு நர்ஸம்மா!"

எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு என்ன சொல்வேன்? கண்ணெதிரே தண்ணீர் கிட்டத்தட்ட அவனைக் கொன்றுவிட்டது. தண்ணீர் இல்லையேல் சாயங்காலத்துக்குள் நாடி விழுந்துவிடும், இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை நம்ப வைக்க இனி என்ன இருக்கிறது? இவரை மீறிக் கொடுக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. முனுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா."

முனுசாமியின் மனைவி கன்னியம்மா. கைக்குழந்தைக்காரி. நான் வந்ததும் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டு, கஞ்சி வடித்த நேரம் போக, காலையிலிருந்து கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கணவனின் அண்ணன் முன்னால் வந்து நிற்பதோ, அவரிடம் வாய்விட்டுப் பேசுவதோ அந்த வீட்டில் கிடையாது. அவர் உள்ளே வந்தால் இவள் வெளியே போவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கேட்டிராத குரல் அது. ஏழுமலை திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மாமா, காலீலேர்ந்து அவுரு தண்ணிதான் கேக்கறாரு. வேற ஒண்ணும் கேக்கல. குடுக்காமயும் பாத்தோம், கொட்டியும் பாத்தோம். நான் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறேன்."

"ஏம்மா, பொரையேறினத பாக்கல நீ?" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கொயந்தைக்குப் பாலாடைல ஊத்தறனே, அதுக்குப் பொரையேறலியே. அதுலயே இவருக்கும் ஊத்தறேன். அப்பிடியும் போனா என் தாலிதான மாமா போவும்? என் கையாலயே போவட்டும்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாலாடையை எடுத்து வந்து, வேகும் கஞ்சியில் முக்கிக் கொதிக்க வைத்து, என்னிடம் நீட்டி, "எப்பிடி ஊத்தணும், சொல்லுக்கா," என்றாள். ஏழுமலை வெளியே போய் அவிழ்த்துவிட்ட பார வண்டியின் நுகத்தடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாலாடை என்றால் குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் பீங்கானில் ஒன்று இருந்தது, பீடிங் கப் என்று சீமைப் பெயரோடு. எங்கள் டிஸ்பென்சரிக்கு அது வந்து சேரவில்லை. கன்னியம்மா வீட்டில் வெள்ளியில் இருந்தது.

முனுசாமியை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்தேன். அவள் பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்து ஒரு வாய் விட்டாள். அவன் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த வாய். அந்தப் பெரிய மீசைக்காரனுக்கு நினைவு கொஞ்சம் தெளிந்தபோது, தன் வாயில் இருப்பது என்னவென்று பார்த்து வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். "சும்மா குடிய்யா, ஒம் புள்ளையே அயாம குடிக்குது," என்றாள் அவள். எனக்கு அந்த இக்கட்டிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் வாந்தி எடுத்தான். அவள் துடைத்தாள், கை கழுவினாள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஆரம்பித்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை நாடி என் விரலுக்குப் பிடிபடாமல் நழுவியது. டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அனுப்பி என்ன ஆகும்? அங்கே யார் கையிலிருந்தோ ஊசியைப் பிடுங்கி வர வேண்டும். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் சீக்கிரமா ஊத்து கன்னியம்மா," என்று மட்டும் சொன்னேன். ஊற்றினாள். வெயில் சாயச் சாய வாந்தி குறைந்தது. நாடி விரலுக்குத் திரும்ப வந்தது. நான் படித்த படிப்பு, போட்ட சண்டை எல்லாம் அவள் வாய் திறந்திருக்காவிட்டால் அன்றைக்குத் தெருவோடு போயிருக்கும். கன்னியம்மா, நீ எங்கே இருந்தாலும் உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாடுகள் திரும்பும் நேரத்துக்கு ஏழுமலை உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு, முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாமல், நேராகக் கன்னியம்மாவைப் பார்த்தே பேசினார்.

"ஒதடு வெடிச்சி கீதும்மா ஒனக்கு. நீ போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா. நான் ஊத்தறேன்."

அவள் பாலாடையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "ஒரு பக்கமா ஊத்துங்க மாமா. முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு ஊத்துங்க." அவர் தலையை ஆட்டினார். கழனிக்காரர் தன் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், பாலாடையில் புகட்டினார். தன் பிடிவாதத்தைத் தானே விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அவருக்கு வந்தது. மூன்றாவது நன்றி அவருக்கு.

நாடி திரும்பினாலும் நான் முழுக்க நம்பவில்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டால் சிறுநீர் நின்றுபோகும். நின்றது திரும்ப வரும்வரை இந்த நோயில் யாரும் பிழைத்துவிட்டார் என்று சொல்லக் கூடாது. முனுசாமிக்கு விடியலிலிருந்து போகவே இல்லை. "அது போனா எனக்குச் சொல்லுங்க. அதுக்கு முன்னால ஒருத்தரும் சந்தோஷப்படக் கூடாது," என்று ஏழுமலையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கிணற்றுக்கு மருந்து போட வெளியே போனேன்.

தெருவில் வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் கிணற்றடியில் குனிந்திருந்தேன். ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து வாசலுக்கு ஓடிவந்து நடுத் தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"ஒண்ணுக்குப் போயிட்டான்! எந் தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான்!"

காலையிலிருந்து சாத்திக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழவர் கும்பிட்டார். எனக்குப் பேறுகாலச் செய்தி தெரியும், பரீட்சை பாஸான செய்தி தெரியும், யுத்தம் முடிந்த செய்தியும் பிற்பாடு கேட்டேன். இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

காதர் பாயின் ஜட்கா தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் இறங்கி வந்தார். சட்டையெல்லாம் சேறு. என்ன ஆயிற்று என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஏழுமலையின் குரல் அவருக்குத் தெருமுனையிலேயே கேட்டிருந்தது.

"அங்க சார்?" என்றேன்.

"எல்லாரையும் முடியல," என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஏழுமலை அவர் எதிரில் வந்து நின்றார். காலையில் கட்டிக்கொண்டு அழுத அந்தக் காலையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அய்யா, நாடி இல்லன்னாங்களே, அந்தப் பொம்பள?"

"எழுந்து உக்காந்துட்டாங்க. கொழந்தய எங்கன்னு கேட்டாங்க."

"நல்லாருக்கட்டும்," என்றார் ஏழுமலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார், "நல்லாருக்கட்டும்."

டாக்டர் அந்தப் பார வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்தார். அவர் உதடும் காய்ந்து வெடித்திருந்தது. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி..." என்றார்.

மீதியை நான் போடுவதற்குள் கன்னியம்மா செம்போடு வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அவரெதிரில் வந்து நின்று நீட்டினாள்.

"கொதிக்க வச்சி ஆற வச்சதுதான் டாக்டரய்யா. பயப்படாம குடிங்க."